எழும்பாத மாவு

அந்த ரொட்டிக் கடையில் மாவு அவருக்கு, அடுப்பு அவளுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இது உட்கார்ந்து பேசிப் போட்ட பங்கு இல்லை. ரொட்டி மாஸ்டரான புருஷனுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது அடுப்பு வாயில் நின்றுகொண்டிருந்தபோது. கையில் நீளப் பலகை, பலகை மேல் வெந்த ரொட்டி, ஆள் அப்படியே விறைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தார். முன்னால் சாய்ந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. அன்றைக்குப் புருவம் பொசுங்கியதோடு போயிற்று. நெருப்புப் பக்கம் போகவே கூடாது, இரண்டு வேளை மாத்திரையில் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை முன்கடையில் பன் விற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி பின்னறைக்கு வந்து பலகையைப் பிடித்தாள். முன்கடையை மகள் எடுத்துக்கொண்டாள்.

தெருவே அவளைப் பன் அக்கா என்றுதான் கூப்பிடும். விற்கிறவள் என்பதற்காக மட்டும் இல்லை. ஆளும் கொஞ்சம் அந்த வாகுதான். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. அடுப்பு வேலைக்கு வந்த புதிதில் அவள் கருக்கிய ரொட்டிகளைத் தெரு நாய்களே முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின என்று மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பாரே தவிர, அந்த அடுப்பைப் பறிகொடுத்த வருத்தம் அவருக்கு ஒரு நாளும் ஆறவில்லை. அவர் கையால் செங்கல் அடுக்கிக் கட்டிய அடுப்பு அது. இப்போது அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாவு பிசைய வேண்டியிருந்தது.

"கதவைத் திறந்து வச்சுக்கிட்டு என்ன வேடிக்கை? சூடெல்லாம் போகுதில்ல?" என்பார், திரும்பாமலே.

"முதுகுலயும் கண்ணு இருக்கா உங்களுக்கு?"

"முதுகுல சூடு படுதே, அது போதாதா? இடது மூலையில வைக்காதே, அங்க சீக்கிரம் கருகும்."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லிட்டு அங்கதான் வைப்பே."

இப்படி ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். வாய் மூடினால் கை ஓடாது அவருக்கு. பன் அக்காவுக்கு அந்தத் தொணதொணப்பு தேவைப்பட்டது. வலிப்பு வருவதற்கு முன் அவர் பேச்சு பாதியில் அறுந்துபோகும். உதடு மட்டும் எதையோ சப்புகிற மாதிரி அசையும். அப்புறம்தான் உடம்பு விறைக்கும். அதனால் அவர் திட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவளுக்கு நிம்மதி. மௌனமாகிவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

மாத்திரை தொடங்கியபின் வலிப்பு அநேகமாக நின்றுபோனது. ஆனால் மாத்திரை வேறொன்றை எடுத்துக்கொண்டது. எப்போதும் அரைத்தூக்கம். விரல் நுனி மரத்த மாதிரி. மாவில் தண்ணீர் போதுமா, இன்னும் வேண்டுமா என்று கை சொல்ல வேண்டிய இடத்தில் கை எதையும் சொல்வதில்லை என்று குறைப்பட்டார். "பஞ்சு மூட்டைக்குள்ள கையை விட்ட மாதிரி இருக்கு" என்பார். அவளுக்குப் பாவமாக இருக்கும். இருந்தும் மாத்திரை டப்பாவையும் தண்ணீர்ச் செம்பையும் நேரம் தவறாமல் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவாள்.

இந்த நிலையில்தான் அவள் தம்பி நீல பாட்டிலோடு வந்து சேர்ந்தான். அவனுக்குத் தெருவில் வைத்த பெயர் சாம்பிள். சோப்பு விற்றான், பல்பொடி விற்றான், கால்வலித் தைலம் விற்றான். எதை விற்றாலும் பையில் சாம்பிள் வைத்திருப்பான். விற்றது போக மிச்சமெல்லாம் அக்கா வீட்டுப் பரணில் இருந்தது. கெட்டவன் இல்லை. தான் சொல்வதைத் தானே முதலில் நம்பிவிடுகிறவன், அதுதான் அவனிடம் உள்ள வம்பு.

"மாமா, இது சாதாரணத் தண்ணி இல்ல."

"ஏன், காலேஜ் படிச்சிருக்கா?"

"விளையாடாதீங்க மாமா. காரத் தண்ணி. உடம்புல அமிலம் ஏறிப்போனாத்தான் எல்லா வியாதியும் வருது. இது உள்ள போயி அந்த அமிலத்தை அமுக்கிடும். நரம்பெல்லாம் சுத்தமாயிடும். ஒருத்தருக்குப் பல வருஷ வலிப்பு, இதைக் குடிச்சே நின்னுடுச்சு."

"யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

"அந்த ஒருத்தருக்கு வீடு வாசல் உண்டா? இல்ல, அவரும் இந்த பாட்டிலுக்குள்ளயேதான் குடியிருக்காரா?"

முன்கடையில் இருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பன் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரையோடு இதையும் குடித்தால் என்ன குறைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வியாதிக்காரர் இருக்கிற வீட்டில் இப்படித் தோன்றாதவர்கள் யார்? ஒரு பெட்டியை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டாள். மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நீயும் காதைக் காட்டிட்டியா, குத்திக்கச் சொல்லி?"

"குடிச்சுத்தான் பாருங்களேன். தண்ணிதானே."

"தண்ணிதானேன்னு நானும் சொல்றேன். இவன்தான் இல்லைங்கறான். சரி, ஒண்ணு பண்ணலாம். மச்சான், உன் வாய் பொய் சொல்லும். என் வாயும் சமயத்துல சொல்லும். மாவு சொல்லாது. ரெண்டு தட்டுல பிசையறேன். ஒண்ணு குழாய்த் தண்ணி, ஒண்ணு உன் மகாராஜாத் தண்ணி. ரெண்டும் ஒரே மாதிரி எழும்பிச்சுன்னா பெட்டியைத் தூக்கிட்டு வந்த வழியே போயிடணும். சம்மதமா?"

சாம்பிளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுக்கவும் முடியவில்லை. சம்மதம் என்றான்.

மாஸ்டர் வம்புக்கு இறங்கினாலும் வேலையில் ஓரவஞ்சனை செய்யமாட்டார். ஒரே மூட்டை மாவு, ஒரே ஈஸ்ட், ஒரே உப்பு. இரண்டு தண்ணீரையும் ஒரே வெதுவெதுப்புக்குச் சூடாக்கச் சொன்னார். இரண்டையும் பிசைந்து உருட்டி, ஈரத்துணி போட்டு மூடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளியே புழுக்கமான மதியம். மாவு எழும்புவதற்கென்றே செய்த மாதிரி வானிலை. அவர் சாம்பிளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். சாம்பிள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துணியை எடுத்தபோது குழாய்த் தண்ணீர் மாவு தட்டு விளிம்பைத் தாண்டி உப்பியிருந்தது. நீல பாட்டில் மாவு வைத்த இடத்தில் வைத்தபடி, கொஞ்சம் தளர்ந்து, பிசுபிசுவென்று கிடந்தது. மாஸ்டர் விரலால் குத்திப் பார்த்தார். குழி குழியாகவே நின்றது.

"எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

மறுநாள் அவரே யாரிடமும் சொல்லாமல் திரும்பப் பிசைந்தார். அதே கதை. அதற்கு மறுநாளும் பிசைந்தார். மாவு எழும்பவில்லை. அன்றைக்கெல்லாம் அவர் வாயிலிருந்து பேச்சே வரவில்லை. வலிப்புத்தான் வரப்போகிறதோ என்று பன் அக்கா கிட்டவே சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் நீல பாட்டிலைத் திறந்து மடமடவென்று முழுசையும் குடித்தார்.

"என்னங்க, திடீர்னு?"

"உன் தம்பி சொன்னது சரிதான். இதுல என்னமோ இருக்கு."

அவளுக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வாங்கியவளே அவள்தானே. ஆனால் ஏனோ நெருடியது. "எழும்பாத மாவைப் பார்த்துட்டா இப்படிச் சொல்றீங்க? அது மாவைக் கெடுக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

"உனக்குப் புரியல. ஈஸ்ட்டுங்கறது என்ன? சும்மா கிடக்குற மாவைப் பொங்க வைக்கறது. எனக்கு வர்றதும் அதானே? சும்மா இருக்கும்போதே தலைக்குள்ள என்னமோ பொங்குது. இது பொங்கறதை அமுக்குது. யாரோ சொல்லிக் கேக்கல, என் கையால தொட்டுப் பார்த்தேன்."

"தலையும் மாவும் ஒண்ணாங்க?"

"எனக்குத் தெரிஞ்சது மாவுதான். டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சது அவங்களுக்கு."

ஊரில் யார் சொன்னாலும் நம்பாத மனுஷர் தன் கை சொன்னதை நம்பிவிட்டார். மற்றவர் ஏமாற்றினால் மற்றவரைத் திட்டலாம். தன்னையே ஏமாற்றிக்கொண்டவரை யார் திட்டித் திருத்துவது?

மாத்திரை டப்பா காலியாகாமல் அப்படியே இருப்பதைச் சில நாள் கழித்துத்தான் அவள் கவனித்தாள். கேட்டதற்கு அவர் ஒளிக்கவில்லை.

"நிறுத்திட்டேன். என் கையைப் பாரு."

பார்த்தாள். அதுதான் கொடுமை. கை மாறித்தான் இருந்தது. மாவை அடித்து மடக்கித் திருப்பும்போது விரல்கள் பழையபடி விளையாடின. கண்ணில் தூக்கக் கலக்கம் இல்லை. ரொட்டி முன்னைவிட மிருதுவாக வந்தது. வாங்க வந்தவர்கள் மாவு மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார்கள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மகளைக் கேலி செய்து அழவிட்டு, அப்புறம் சிரிக்க வைத்தார். கல்யாணமான புதிதில் இருந்த ஆள் திரும்பி வந்துவிட்டாரே என்று பன் அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவரைத் திரும்பத் தூங்க வைக்கவா நான் மாத்திரையோடு நிற்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகவே பயந்துபோய், கடைக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள்.

டாக்டரம்மாவின் அறை வாசலில் கூட்டம் நெரிந்தது. அவர் பேனாவை மூடாமலே கேட்டுக்கொண்டார்.

"தண்ணி குடிக்கட்டும், நான் வேணாங்கல. சோடா உப்பு மாதிரி என்னமோ கலந்திருப்பாங்க. அது ஈஸ்ட்டை அமுக்கினா அமுக்கிட்டுப் போகுது. வயித்துக்குள்ள இருக்குற அமிலத்துக்கு முன்னாடி அதெல்லாம் கொஞ்ச நேரம்கூட நிக்காது. தலைக்கு எங்க போகும்?"

"அவருக்கு நல்லாத்தான் இருக்கும்மா. சுறுசுறுப்பா இருக்காரு."

"மாத்திரையோட மயக்கம் இறங்குது, அதனால சுறுசுறுப்பா இருக்காரு. அதைத் தண்ணி கணக்குல எழுதிக்கிட்டீங்க." அப்போதுதான் அவர் பேனாவை மூடி நிமிர்ந்து பார்த்தார். "இப்படித் திடீர்னு நிறுத்தினா முன்ன வந்ததைவிட மோசமா வரும்மா. தூக்கம் வருதுன்னா மாத்திரையை மாத்தித் தரலாம், அளவைக் குறைக்கலாம். எங்கிட்ட கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அடுப்புப் பக்கம் விடாதீங்க."

வீட்டுக்கு வந்து சொன்னாள். மாஸ்டர் முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா மாவு பிசைஞ்சிருக்காங்களா?" என்றார். அதோடு முடித்துவிட்டார்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மாத்திரையைப் பொடித்து டீயில் கலந்தாள். பல வருஷக் குடித்தனத்தில் அவரிடம் அவள் மறைத்துச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதையும் சரியாகச் செய்யத் தெரியவில்லை. ஒரு வாய் குடித்தவர் அப்படியே துப்பினார். கசப்பு.

"என் டீயில கை வச்சியா?"

அவள் தரையில் சிந்திய டீயைத் துடைத்தாள்.

"கேக்கறேன்ல?"

"பயமா இருக்குங்க. அதான் வச்சேன்."

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லணும். டீகிட்டயா சொல்லுவே?"

அன்றிலிருந்து தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார். அதற்கும் பாட்டில் தண்ணீர்தான். மூடி திறக்காத பாட்டிலாக இருந்தால்தான் தொடுவார். குடிக்கிற தண்ணீரை அவள் கையால் வாங்குவதே இல்லை என்றாகிவிட்டது. நன்மை செய்யப் போய் இருந்த பிடியையும் விட்டுவிட்டோமே என்று அவள் உள்ளுக்குள் குமைந்தாள்.

வெளியிலோ மாஸ்டர் பெரிய மனுஷராகிக்கொண்டிருந்தார். சாம்பிள் அவரைத் தன் கம்பெனிக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனான். மேடையில் இரண்டு தட்டு மாவு, பளிச்சென்ற விளக்கு, கைதட்டல். நம்பாமல் இருந்தவரே நம்பின கதை என்பதால் நன்றாக எடுபட்டது. அவரைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். சாம்பிள் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். கம்பெனியில் அவனுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்திருந்தார்கள். பன் அக்கா அவனைக் கடை வாசலிலேயே மடக்கினாள்.

"மாத்திரையை நிறுத்திட்டாருடா."

"நான் நிறுத்தச் சொல்லவே இல்லக்கா."

"போடச் சொல்லியும் சொல்லலியே. நீ சொன்னா கேப்பாரு. நீதான் இப்ப அவருக்கு எல்லாம்."

"அக்கா, கம்பெனியில எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. குணமாகும்னு சொல்லவே கூடாது. குணமானதா சொல்றாங்கன்னுதான் சொல்லணும். அதுக்கு மேல நான் பேசினா..."

"அப்போ அவங்களுக்கே தெரியும்."

அவன் செருப்பால் தரையைத் தேய்த்தான்.

"நீ குடிக்கிறியாடா?"

"எனக்கு என்னக்கா வியாதி? ...சரி, சொல்றேன் மாமாகிட்ட. பக்குவமாச் சொல்றேன்."

பக்குவம் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லவில்லை. வலிப்பு வராமல் போன ஒவ்வொரு நாளும் மாஸ்டருக்கு ஒரு சாட்சியாகச் சேர்ந்தது. அவளுக்கு ஒவ்வொரு நாளும் அன்றைக்குத்தானோ என்று விடிந்தது. குளிக்கப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள் என்பாள். மாடிப் படியில் அவருக்குப் பின்னாலேயே ஏறுவாள். கண்கொத்திப் பாம்பாக இருக்கிறாயே என்று அவர் எரிந்து விழுந்தால் அவளுக்கு உயிர் வந்தது, பேசுகிறார் அல்லவா.

ஒரு மதியம் அது நடந்தது. சாயங்கால ரொட்டிக்கு அடுப்பு தயாராகிவிட்டது. தணலை ஓரம் தள்ளி, தளத்தை ஈரச் சாக்கால் துடைத்துவிட்டு, அவள் ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து பார்த்தாள். மாவு பொன்னிறமாகச் சிவந்தது. சூடு பதம். பலகையை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் மாஸ்டர் எழுந்து வந்து பலகையைப் பிடித்திருந்தார்.

"இங்க குடு."

"வேணாங்க."

"குடுன்னு சொல்றேன். எத்தனை வருஷம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன்? நல்லாத்தானே இருக்கேன்?"

"டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"என் அடுப்புக்குப் போக அவங்ககிட்ட சீட்டு வாங்கணுமா?"

அவர் குரல் கோபமாகத்தான் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை. சாப்பிட உட்கார்ந்த பிள்ளையைப் பாதியில் எழுப்பினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பலகையைப் பிடித்து இழுத்தால் அடுப்பு வாயிலேயே தள்ளுமுள்ளாகிவிடும். அவள் விட்டுவிட்டாள். விட்டுவிட்டு, ஒதுங்காமல், அவர் தோளை ஒட்டினாற்போல் நின்றுகொண்டாள்.

முதல் ரொட்டிகள் உள்ளே போயின. என்னமாய்ப் போட்டார்! பலகையை ஒரு சுண்டு சுண்டினால் ரொட்டி போய் நினைத்த இடத்தில் உட்கார்ந்தது. அந்த வேலையின் அழகை அவளும் பார்க்கத்தான் செய்தாள். பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"இடது மூலையில வைக்கலியா?"

"அங்க எதுக்கு வைக்கணும், கருக்கறதுக்கா?"

"எத்தனை போட்டாச்சு?"

"கண்ணு இல்லையா உனக்கு?"

"சாயங்காலம் என்ன சமைக்கட்டும்?"

"இப்ப அதுவா முக்கியம்? தள்ளி நில்லேன், கை இடிக்குது."

"நாளைக்கு மாவு எத்தனை மூட்டை சொல்லணும்?"

"நேத்தே சொன்னேனே. மூணு சொல்லு. இல்ல, நாலாவே சொல்லிடு. மழை வந்துச்சுன்னா மாவுக்காரன் வண்டி"

அவ்வளவுதான். அவள் அடுத்த வார்த்தைக்குக் காத்தாள். வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். பலகையின் முனை அடுப்புக்குள் தளத்தில் இடித்து நின்றிருந்தது. அவர் கண் தணலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை. உதடு சப்பியது.

"என்னங்க! என்னங்க!"

உடம்பு விறைத்து முன்னால் சரியத் தொடங்கியது. கனமான மனுஷர். பின்னாலிருந்து இழுக்க நேரமில்லை, இழுத்தாலும் வரமாட்டார். அவள் அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் புகுந்தாள். இரண்டு கையையும் அவர் நெஞ்சில் கொடுத்துத் தள்ளினாள். அவர் பாரம் அவளைப் பின்னால் நெருக்கியது. அடுப்பு வாயின் இரும்புச் சட்டம் அவள் தோளுக்குக் கீழே கையின் பின்புறத்தில் பட்டுப் பொசுங்கியது. கத்தினாள். கத்திக்கொண்டே தள்ளினாள். இருவரும் தரையில் காலிச் சாக்குகள் மேல் விழுந்தார்கள். பலகை எங்கோ போய் விழுந்தது.

பின்வாசலில் சாம்பிள் நின்றுகொண்டிருந்தான், தோளில் ஒரு பெட்டி நீல பாட்டிலோடு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். பேயறைந்த மாதிரி நின்றானே ஒழிய நகரவில்லை. முன்கடையிலிருந்து மகள்தான் ஓடிவந்தாள். வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்த அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்கடியில் துணியை மடித்து வைத்தாள். உடம்பு அடங்கி மூச்சு சீரானதும் அம்மாவைப் பார்த்தாள். பார்த்தவள் ஐயோ என்று அலறி, குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் காயத்தின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. பன் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் கண் விழிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. மலங்க மலங்க விழித்தார். மகள் பிடித்து உட்கார வைத்து மாவு மூட்டையில் சாய்த்தாள்.

"என்ன எல்லாரும் சுத்தி நிக்கறீங்க? என்னாச்சு?"

"வந்துடுச்சுங்க" என்றாள் பன் அக்கா.

"என்ன வந்துடுச்சு?"

அவருக்கு எதுவும் நினைவில்லை. எப்போதுமே இருக்காது. முன்பெல்லாம் நாக்கு கடிபட்டு வாயில் ரத்தம் இருக்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்வார். இந்த முறை அதுவும் இல்லை. வாயை உள்ளங்கையால் துடைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இல்ல. வரல. தரையில மாவு கிடந்துச்சு, வழுக்கி விழுந்திருப்பேன்."

"அப்பா, நான் பார்த்தேன்ப்பா, இழுத்துச்சு" என்றாள் மகள்.

"நீ முன்கடையில இருந்தே. உங்கம்மா சொன்னதைச் சொல்றே. உங்கம்மாவுக்கு எப்படா வரும்னு காத்துக்கிட்டு இருக்கறதே வேலை." தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். "மச்சான், நீ நின்னே இல்ல? நீ சொல்லு. எனக்கு வந்துச்சா?"

சாம்பிள் பெட்டியை இன்னும் இறக்கி வைக்கவில்லை. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அவனைக் கெஞ்சவில்லை; பார்த்தாள், அவ்வளவுதான்.

"வழுக்கின மாதிரித்தான் இருந்துச்சு மாமா" என்றான்.

பன் அக்காவுக்குக் கையில் எரிந்த நெருப்பு ஒன்றுமில்லை என்றாயிற்று. கூடப் பிறந்தவன். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இனி இந்த மனுஷரை யார் காப்பாற்றுவது என்று மட்டும் நினைத்தாள். நாளைக்கும் பலகையை எடுப்பார். நாளைக்கும் நான் நடுவில் நிற்க வேண்டும். ஒரு நாள் நான் கடைத்தெருவுக்குப் போயிருப்பேன்.

"கேட்டியா?" என்றார் மாஸ்டர். "கையில என்ன, சுட்டுக்கிட்டியா? அதான் சொல்றேன், அடுப்பு வேலை உனக்கு ஆகாது. இங்க வா, காட்டு."

அவள் போகவில்லை. மகள்தான் அம்மாவை முதுகுப்புறமாகத் திருப்பி, கிழிந்த ரவிக்கைக் கையை விலக்கிக் காட்டினாள்.

மாஸ்டர் அலட்சியமாகத்தான் பார்க்கத் தொடங்கினார். அடுப்புக்காரருக்குச் சூட்டுக் காயம் புதிதா என்ன? அவர் உடம்பில் இல்லாததா? ஆனால் பார்த்த கண் நகரவில்லை. நிதானமாக எழுந்து கிட்டே வந்தார். தொடாமல், காயத்தின் நீளத்துக்கு விரலைக் கொண்டுபோனார். இரும்புச் சட்டத்தின் விளிம்பு கோடு போட்ட மாதிரி பதிந்திருந்தது.

"அடுப்புல சுட்டா முன்கையில சுடும்" என்றார் மெதுவாக. "விரல்ல சுடும். பின்பக்கம் எப்படிச் சுடும்?"

சாம்பிள் பெட்டியை மறுதோளுக்கு மாற்றினான்.

"நீ ஏன் அடுப்புக்கு முதுகைக் காட்டிட்டு நின்னே?"

அவள் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மச்சான். அடுப்புக்கு முதுகைக் காட்டிட்டு இவ யாரைப் பார்த்து நின்னா?"

சாம்பிள் பெட்டியைக் கீழே வைத்தான். "உங்களைத்தான் மாமா" என்றான். குரல் உடைந்துவிட்டது. "நீங்க உள்ள விழ இருந்தீங்க. அக்கா நடுவுல புகுந்துட்டா. மன்னிச்சுடுங்க மாமா."

மாஸ்டர் அவனைத் திட்டவில்லை. அடுப்பு வாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தார். அவர் உதடு நடுங்கியது. பன் அக்கா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதே. இது அது இல்ல" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

அப்போதுதான் கருகல் வாசனை எழுந்தது. உள்ளே போட்ட ரொட்டிகள். மாஸ்டரின் உடம்பு தானாகவே அடுப்புப் பக்கம் ஓரடி வைத்தது. பலகையைத் தேடிக் கண் தரையில் ஓடியது. பன் அக்காவின் பிடி இறுகியது. அவர் நின்றார். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"பலகையை எடும்மா" என்றார் மகளிடம். "பயப்படாதே, நான் சொல்றேன். தூரமா நின்னுக்கோ. முதல்ல பின்னாடி இருக்கறதை இழு. கருகினது கருகட்டும், கை பத்திரம். ...எல்லாத்தையும் எடுத்துட்டு அடுப்பை மூடிடு. இன்னைக்கு வியாபாரம் போதும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்படியே நானும் டாக்டரம்மாகிட்ட திட்டு வாங்கிட்டு வந்துடறேன்."

மகள் கருகிய ரொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள். கை பழகாததால் ஒன்றிரண்டு தரையில் உருண்டன. காலடிக்கு வந்ததை மாஸ்டர் ஓரமாக ஒதுக்கினார். கடைசி ரொட்டி வெளியே வந்ததும் அவள் அடுப்புக் கதவைச் சாத்தினாள். அவர் கட்டிய அடுப்பு மூடுகிற அந்தச் சத்தத்தை, மனைவியின் சூடு படாத கையைப் பிடித்தபடி, தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.